நீலப் பஞ்சு

ஜூன் 9

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம், ஓர் ஆளைத் தவிர. பதறாதே. குளியலறைப் பக்கத்து மூலையில் நிற்கும் டிரையரைத்தான் சொல்கிறேன். சில நாளாகச் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை. கடகடவென்று ஓடி முடித்த பிறகு கதவைத் திறந்தால், போட்ட ஈரம் போட்டபடியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அந்த நேரத்தில் பாதியைப் பெரியவள் தின்றுவிடுகிறாள், மீதியைச் சின்னவள். உன் புருஷன் பிடுங்கிப் பேசியது போக எனக்கு மிஞ்சுவது "மாமா, சாப்பிட்டீங்களா" மட்டும்தான். அதோடு நான் காலமெல்லாம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். வாயிலிருந்து தப்பாக வந்ததைத் திருத்த முடியாது. காகிதம் என்றால் அடித்துவிட்டு எழுதலாம். உங்கள் சுரங்கத்துக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டி தபாலும் கொண்டுவரும் என்று நீதானே சொன்னாய்.

மழை விட்டபாடில்லை. பால்கனிக் கொடியில் போட்டது காயாமல் நாற்றம் பிடிக்கிறது. பிள்ளைகளின் சீருடையை இஸ்திரிப் பெட்டி வைத்தே காயவைத்து அனுப்புகிறேன். உன் புருஷன் விளையாட்டு வாத்தியார், நாளுக்கு இரண்டு உடுப்பு நனைப்பவன். இன்று காலை ஈர சாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று, "இதுக்குத்தாம்பா அப்பவே சொன்னேன். அவ இல்லாம இந்த வீடு ஓடாது. வேலையை விட்டுட்டு வரச் சொல்லப்போறேன்" என்றான். சாக்ஸுக்கும் அவள் வேலைக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டேன். ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு அதுதான் கவலை. ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு உன்னை அங்கே நிரந்தரமாகப் போடப்போகும் நேரம் இது. "போயிட்டு வாம்மா, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று வாசலில் நின்று சொன்னவன் நான். மாடிப்படியில் எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "மலைக்குள்ள சுரங்கம் தோண்டறாங்க. உள்ளே தண்ணி புகுந்தா எம் மருமக பம்ப்பைப் போட்டாத்தான் வெளியே போகும்" என்று பீற்றிக்கொள்கிறேன். அதே வாயால், டிரையர் கெட்டுப்போனதால் திரும்பி வந்துவிட்டாள் என்று என்னைச் சொல்ல வைத்துவிடாதே.

ஆகவே என் யோசனை இது. பழசைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். அதற்கும் வயதாகிவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பிரித்துப் போட்டுக்கொண்டு, எதைப் போட்டீர்கள், எப்படி ஓட்டினீர்கள் என்று உன் புருஷன் எதிரிலேயே விசாரணை வைப்பான். நமக்கு எதற்கு அந்தத் தொல்லை? வாங்குங்கள் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும்.

மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த வெல்டர், "வீட்ல ஏதாவது நல்ல சேதியா மேடம்?" என்றார். டிரையர் கெட்டுப்போச்சு என்றேன். கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். சுற்றுகிறது என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சூடு வராததற்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு சின்ன உறுப்புதான் காரணமாக இருக்கும். இங்கே ஒரு பம்ப் இருமினால் புதுசு வாங்கித் தரச் சொல்லி யாரிடமும் நிற்க முடியாது. அடுத்த ஊரிலிருந்து வருவதற்குள் சுரங்கம் குளமாகிவிடும். அதனால் காதை வைத்துக் கேட்டு, தொட்டுப் பார்த்து, எங்கே நோகிறது என்று நாங்களே கண்டுபிடிக்கிறோம். போன வாரம் ஒரு பம்ப்பை அப்படித்தான் பிழைக்க வைத்தேன். அந்தத் திமிரில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈர சாக்ஸை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து மிதிக்கச் சொல்லுங்கள் உங்கள் பிள்ளையை. விளையாட்டு வாத்தியார்தானே, குதிக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கதவுக்கு உள்பக்கம் பஞ்சு பிடிக்கும் சல்லடை இருக்கிறதே, அதை உருவிப் பாருங்கள். எவ்வளவு பஞ்சு சேர்ந்திருக்கிறது, என்ன நிறம் என்று எழுதுங்கள். நிறத்தைப் பார்த்தால் எந்தத் துணி அதிகம் தேய்கிறது என்று தெரியும். சுற்றும்போது என்ன சத்தம் வருகிறது, உள்ளே பெரும்பாலும் என்னென்ன போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பியது அச்சிலேயே எதுவும் கிடையாது, சல்லடையில் தப்பிவிடுமா?

மாமா, இன்னொன்று. நான் இங்கே வர நினைத்தபோது பெற்ற அப்பாவே "யோசிச்சுக்கோ" என்றுதான் சொன்னார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கியவர் நீங்கள். அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் வேலைக்குள் இறங்கியதில்லை.

உங்கள் மருமகள்


ஜூன் 19

அன்புள்ள மருமகளுக்கு,

பம்ப்பைப் பிழைக்க வைத்த சேதியை மாடிப்படியில் இரண்டு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரர், "உங்க மருமக எங்க மெஷினையும் ஒரு தடவை பாப்பாங்களா?" என்று கேட்டார். அவள் மலையைப் பார்க்கவே நேரமில்லாமல் இருக்கிறாள், போய்யா என்று சொல்லிவிட்டேன்.

நீ சொன்னபடி பரிசோதனை நடத்தினேன். தரையில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, டார்ச் விளக்கைச் சின்னவளிடம் கொடுத்தேன். "தாத்தா, அதுக்கு ஜுரமா?" என்று கேட்டாள். ஜுரம் இல்லாததுதானம்மா வியாதி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் கைக்குட்டையை நனைத்து வந்து அதன் நெற்றியில் ஒட்டினாள்.

இனி விவரம். சல்லடை முழுக்க அடைத்திருந்தது. இத்தனைக்கும் முந்தாநாள்தான் சுத்தம் செய்தேன். பஞ்சை அப்படியே உருவி எடுத்தால் ஒரு சின்னத் தலையணைக்கு ஆகும், அவ்வளவு தடிமன். நிறம் இளநீலம். மொத்தமும் இளநீலம் என்று சொல்ல முடியாது, ஓரங்களில் வெள்ளை இழை கலந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் அந்த வெள்ளை இழை சுருள் சுருளாக இருக்கிறது. மெரூன் நிறம் துளியும் இல்லை. கறுப்பு, ஒன்றிரண்டு இழைகள்.

சத்தம்: ஓடத் தொடங்கியதும் பொத், பொத் என்று ஏதோ கனமாக உருண்டு விழுவது கேட்கிறது. நடுவில் கீச்சென்று ஓர் இழுப்பு. சூடு நின்றுபோவதற்கு முந்தைய நாள் லேசாகக் கருகல் வாசனை வந்தது. அதை முன்பே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

போடுவது என்னவென்று கேட்டாய். பிள்ளைகளின் சீருடை, துண்டுகள், உன் புருஷனின் சாக்ஸ். வழக்கமானவைதான். சூடு இல்லாவிட்டாலும் காற்றாவது படட்டும் என்று, மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே ஒரு தடவை ஓட்டிவிடுவேன், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது.

என் அபிப்பிராயத்தில் மாற்றம் இல்லை. நீ கெட்டிக்காரி, எதையும் பிழைக்க வைப்பாய். இதை மட்டும் விட்டுவிடு. கடைக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன், சரி என்று சொன்னால் மறுநாளே கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

மாமா


ஜூன் 28

அன்புள்ள மாமாவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்ற யோசனையில் ஒரு தபால் வண்டியை விட்டுவிட்டேன்.

முதலில் டிரையர். உள்ளே சூடு அளவு மீறினால் தானே அறுந்துகொள்ளும் சின்ன ஃபியூஸ் ஒன்று உண்டு. அது போயிருக்கிறது. மாற்றுவது அரை மணி நேர வேலை. அது ஏன் போனது என்றால், ஒரே ஒரு கனமான துணி நிறையத் தண்ணீரோடு உள்ளே போய், பந்தாகச் சுருண்டு உருண்டிருக்கிறது. பொத்தென்ற சத்தம் அதுதான். பஞ்சு அடைத்துக்கொண்டதால் சூடு வெளியே போக வழியில்லாமல் கருகல் வாசனை வந்திருக்கிறது.

இப்போது மற்றது. பிள்ளைகளின் சீருடை மெரூன். உங்கள் பிள்ளையிடம் கறுப்பையும் வெள்ளையையும் விட்டால் வேறு நிறமே கிடையாது. இளநீலத்தில், வெள்ளைக் கரை வைத்து அந்த வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. நீங்கள் விரித்துப் படுக்கும் போர்வை. கடைக்கு நானும் வந்துதானே எடுத்தோம்.

போர்வையை மழைக்காலத்தில் எப்போதாவது ஒரு தடவை துவைப்போம். முந்தாநாள் துடைத்த சல்லடை மறுபடி நிறைந்திருக்கிறது என்றால் அது தினமும் உள்ளே போகிறது. அதுவும் எல்லாரும் எழுவதற்கு முன்னால்.

வேறு யாராவது இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தால், பஞ்சு சாம்பல் நிறம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. உங்களால் பார்த்ததை மாற்றி எழுத முடியவில்லை. ஓரத்தில் இருந்த வெள்ளை இழையைக்கூட விட்டுவிட மனசு வரவில்லை.

எத்தனை நாளாகப் போர்வை ராத்திரியில் நனைகிறது மாமா? இது உடம்பில் வரும் ஒரு கோளாறு. மருந்து இருக்கிறது. டாக்டரைப் பாருங்கள். உங்கள் பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீங்கள் சொல்லாமல் சொல்லவும் மாட்டேன். நான் வர வேண்டுமென்றால் உடனே கிளம்பி வருகிறேன்.

உங்கள் மருமகள்


ஜூலை 2

பொறியாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கேட்டது டிரையரைப் பற்றி. பதில் டிரையரைப் பற்றியதாக இருந்திருந்தால் போதும்.

என் அறையையும் என் போர்வையையும் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். அதற்காக யாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டிய அவசியம் இல்லை. புது டிரையருக்குக் கடையில் சொல்லிவிட்டேன். மழை கொஞ்சம் விட்டதும் கொண்டுவந்து இறக்குவார்கள். பழசை அவர்களே எடுத்துப் போய்விடுவார்கள். இதோடு இந்த விஷயத்தை நிறுத்திக்கொள்வோம்.

பிள்ளைகள் நலம்.


ஜூலை 7

அன்புள்ள மாமாவுக்கு,

"பொறியாளர் அவர்களுக்கு" என்று எழுதியதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. பம்ப் ரூமில் அழுதால் யாருக்கும் தெரியாது, அவ்வளவு இரைச்சல். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். திட்டுவதானால் "ஏய் மருமகளே" என்று திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

சின்னவளைப் பெற்று வீட்டுக்கு வந்த முதல் வாரம். அத்தை அப்போது உயிரோடு இல்லை. என் அம்மா கால் முறிந்து படுத்திருந்தார். உங்கள் பிள்ளை மாணவர்களைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். ஒரு நாள் மத்தியானம் தூங்கி எழுந்தால் விரிப்பு முழுக்க ரத்தம். வீட்டில் நீங்கள் மட்டும்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்படியே தூங்கியும் போய்விட்டேன்.

கண் விழித்தபோது கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. கால்மாட்டில் துவைத்து மடித்த வேறு விரிப்பு இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பால்கனியில் நீங்கள் குந்தி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். கொடியில் போடும்போது அதற்கு முன்னால் இரண்டு பெரிய துண்டுகளை மறைத்துப் போட்டீர்கள். எதிர்வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று. பிறகு சூடாகப் பால் கொண்டுவந்து வைத்து, அன்றைய செய்தித்தாளையும் நீட்டி, "முதல் பக்கத்துலயே எத்தனை பிழை விட்டிருக்கான் பாரும்மா" என்றீர்கள். அவ்வளவுதான். அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. உங்கள் பிள்ளைக்கு இது இன்று வரை தெரியாது.

இப்படி ஓர் ஆணை நான் அதுவரை பார்த்ததில்லை மாமா. இனியும் பார்ப்பேனா தெரியாது. அன்றைக்கு நான் உங்கள் கண்ணில் குறைந்துபோனேனா? அப்படியென்றால் நீங்கள் மட்டும் என் கண்ணில் எப்படிக் குறைந்துபோவீர்கள்?

டிரையர் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. எவ்வளவு சுமை என்று தெரியாமலே பழுது பார்க்கச் சொன்னேன். அந்தச் சின்ன டிரம்முக்குத் தினமும் ஒரு போர்வை தாங்காது, ஃபியூஸை மாற்றினாலும் மறுபடி போகும். வாங்குங்கள், ஆனால் பெரியதாக வாங்குங்கள்.

நிரந்தர வேலைக்கான தாளை என் மேஜையில் வைத்துவிட்டார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் டாக்டரைப் பார்த்ததாக எழுதினால் போடுகிறேன். இல்லையென்றால் மாதக் கடைசியில் பெட்டியோடு வந்து நிற்பேன். இது மிரட்டலா என்றால், ஆமாம், மிரட்டல்தான்.

உங்கள் மருமகள்


ஜூலை 20

ஏய் மருமகளே,

திட்டிவிட்டேன். சரிதானே?

உன் கடிதம் வந்ததும் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை. நீ அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. தூங்குகிறாய் என்றுதான் நினைத்தேன். தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகத் தேய்த்திருப்பேன்.

ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். வெட்கத்தை விட எனக்கு இருந்தது பயம்தான். இது வெளியே தெரிந்தால், "அப்பாவையும் சேத்துப் பாத்துக்க ஆள் வேணும், நீ வந்துடு" என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று பயந்தேன். மருமகளை அனுப்பி வைத்தவனே அவள் காலைக் கட்டுகிறவனாக ஆகிவிடுவேனோ என்று. அதனால்தான் மெக்கானிக் வேண்டாம் என்றேன், கோபித்துக்கொண்டும் எழுதினேன். பிழை பார்த்துப் பிழைத்தவனின் பிழையை, எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு பிடிப் பஞ்சை வைத்து நீ பிடித்துவிட்டாய். கோபம் தணிந்த பிறகு எனக்கு வந்தது பெருமைதான். ஆனால் இதை மாடிப்படியில் யாரிடமும் சொல்ல முடியாது. அந்தக் குறை எனக்கு இருக்கிறது.

மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு உன் புருஷனை உட்கார வைத்துச் சொன்னேன். சொல்ல வரவில்லை, பஞ்சைப் பற்றி நீ எழுதிய அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். படித்தான். மறுபடி படித்தான். எழுந்து போய் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்புங்க" என்றான். பள்ளிக்கு லீவு சொன்னதே பாதி வழியில்தான்.

ஆண்களுக்கு இந்த வயதில் சிறுநீர்ப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி வீங்குமாம். சாதாரணம் என்றார் டாக்டர். "இவ்வளவு நாள் ஏன் பெரியவரே சும்மா இருந்தீங்க?" என்று திட்டிவிட்டு மாத்திரை எழுதினார். சாப்பிடுகிறேன். முழுசாக நிற்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

திரும்பி வரும்போது உன் புருஷன் மாத்திரைச் சீட்டை என்னிடம் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டான். பிறகு, "பக்கத்து ரூம்ல படுத்திருக்கேன், எனக்குத் தெரியலையேப்பா" என்றான். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பஞ்சைப் பாத்தே இவ்வளவு சொல்றவளைப் போய் சாக்ஸ் காயலைன்னு கூப்பிட இருந்தேன் பாருங்க" என்றான். உன்னிடம் இதை அவன் வாயால் சொல்ல மாட்டான். அதனால் வார்த்தை பிசகாமல் எழுதிவிட்டேன்.

டிரையர் விஷயத்தில் நீயும் நானும் கட்சி மாறிவிட்டோம். நீ வாங்கச் சொன்னாய், நான் பழுது பார்த்துவிட்டேன். மெக்கானிக் வந்தார். எதைப் போட்டீங்க என்று கேட்கும் முன்பே, "தினமும் என் போர்வை. நனைஞ்சுடுது, அதான்" என்று நானே சொன்னேன். அவர் சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு, பின்பக்கக் குழாயிலிருந்து இழுத்தார் பார், நீலப் பஞ்சு வந்துகொண்டே இருந்தது. ஃபியூஸ் மாற்றியாகிவிட்டது. நன்றாகச் சூடாகிறது. போர்வையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு மெல்லிய விரிப்புக்கு மாறிவிட்டேன், அதை இந்தச் சின்ன டிரம் தாங்கும். கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆக, டாக்டரைப் பார்த்தாயிற்று. பேச்சு மாறாமல் கையெழுத்துப் போடு. மாதக் கடைசியில் பெட்டியோடு வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன். இதுவும் மிரட்டல்தான்.

நேற்று மறுபடி நனைந்துவிட்டது. விடிந்து எல்லாரும் எழுந்த பிறகுதான் நானும் எழுந்தேன். விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்தேன். பிள்ளைகள் தலை வாரிக்கொண்டிருந்தார்கள், யாரும் திரும்பவில்லை. உன் புருஷன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். பனியனைக் கழற்றி என் கையில் இருந்த விரிப்பின் மேலேயே போட்டு, "இதையும் சேத்துப் போட்டுடுங்கப்பா" என்றான்.

உன் மாமா